இடது பெடலின் ஆணிகள்

கார் வளைவில் திரும்பியபோது வளர்மதி ஹாரன் அடிக்கவில்லை, கையும் காட்டவில்லை. பின்கண்ணாடியில் என்னைப் பார்த்துக்கொண்டேதான் போயிருப்பாள். கோபம் வந்தால் என் மனைவி காரை ரொம்ப ஒழுங்காக ஓட்டுவாள், ஈ காக்கா இல்லாத ரோட்டில் இண்டிகேட்டர் எல்லாம் போட்டு. போட்டாள், பார்த்தேன். சரி, இருபத்தைந்து நிமிஷம். தார் ரோட்டில் சுற்றிக்கொண்டு கீழே பஸ் ஸ்டாப்புக்குப் போய்ச்சேர அவளுக்கு இருபது ஆகும், எனக்கு எஸ்டேட்டுக்குள் இறங்கும் பாதையில் இருபத்தைந்து, அதுவும் நடுவில் எங்கும் நிற்காமல் போனால். போனதும் ஒரே ஒரு கேள்வி கேட்பாள். அதை நேற்றே, இட்லிக்கு மாவு கரைத்துக்கொண்டே சொல்லிவிட்டாள்: "வலிக்குதான்னு கேப்பேன். ஆமாவா, இல்லையா. நடுவுல கதை சொல்லக் கூடாது." ஆமாம் என்றால் இந்தப் புது மலைச் சைக்கிள் ஓசூரிலிருக்கும் என் தம்பி மகனுக்குப் போய்விடும், நான் இனி மலைப்பாதைப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டேன். இல்லை என்றால் மாதம் இரண்டு சனிக்கிழமை சேலத்திலிருந்து அவளே ஏற்காட்டுக்குக் காரை ஓட்டிக்கொண்டு வந்து என்னை மேலே இறக்கிவிட்டு, கீழே வந்து கூட்டிப்போவாள். நியாயமான ஒப்பந்தம்தான். ஒன்பது மாதத்துக்கு முன்னால் முதுகில் வட்டு விலகி, அறுத்துத் தைத்து, குளியலறையில் உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாமல் நான் கிடந்தபோது, கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கி நிறுத்தியவள் அவள். ஐம்பது நாள் எனக்கு சாக்ஸ் மாட்டிவிட்டவள். இதைவிடக் கடுமையாகப் பேசவும் அவளுக்கு உரிமை உண்டு.

உட்கார்ந்தேன். உட்கார்ந்ததும் வண்டி என்னை வாங்கிக்கொண்டு இரண்டு விரற்கடை கீழே இறங்கியது. பழைய வண்டி இப்படி இறங்காது, அது முக்காலி மாதிரி, உட்கார்ந்தால் உட்கார்ந்ததுதான். அதில் முன்சக்கரத்துக்கு மட்டும்தான் சஸ்பென்ஷன், பின் சக்கரத்தில் வாங்குகிற அடியெல்லாம் நேராக என் இடுப்புக்குத்தான் வரும். பன்னிரண்டு வருஷம் வந்தது, இடுப்பும் வாங்கிக்கொண்டது, ஒருநாள் போதும் என்று சொல்லிவிட்டது. இதற்கு இரண்டு பக்கமும் உண்டு. சீட்டுக்குக் கீழே சட்டகத்தின் நடுவில் ஒரு ஷாக் அப்சார்பர், உள்ளே காற்று, எண்ணெய். கோயம்புத்தூர் கடையில் மெக்கானிக் நசீர் அதற்குக் காற்றடிக்கும் முன் என் எடையைக் கேட்டார். "ஷூ, பை, தண்ணி எல்லாம் சேர்த்துச் சொல்லுங்க சார், வீட்டு எடையைச் சொல்லாதீங்க." எண்பத்தொன்று என்றேன். அவர் என் வயிற்றை ஒரு பார்வை பார்த்துவிட்டு எண்பத்தைந்துக்கு அடித்தார். அதுதான் சரியாக இருந்தது. நான் பாலிடெக்னிக்கில் இருபத்திரண்டு வருஷமாக மெக்கானிக்கல் சொல்லிக்கொடுக்கிறவன், ஸ்பிரிங்கையும் டாம்பரையும் கரும்பலகையில் ஆயிரம் தடவை வரைந்தவன். வரைந்ததன் மேல் உட்கார்ந்தது இதுதான் முதல் தடவை. ஹேண்டில்பார் ரொம்ப அகலம், எருமையின் கொம்பைப் பிடித்த மாதிரி கை விரிகிறது, காப்பிச் செடிகளுக்கு நடுவே போகும்போது விரல்முட்டி உரசும். பிரேக்குக்கு ஒரு விரல் போதும். கட்டை விரலுக்குக் கீழே ஒரு விசை, அமுக்கினால் சீட் தானாகக் கீழே போகிறது. மாணவர்கள் பார்த்தால் சிரிப்பார்கள், குணசீலன் சார் சீட்டை ஏற்றி இறக்கி விளையாடுகிறார் என்று. மூன்று தடவை ஏற்றி இறக்கினேன். பக்கத்தில் யாரும் இல்லை. பெடல் மட்டும் பழையது, ஏனென்றால் இந்த மாதிரி வண்டியைப் பெடல் இல்லாமல்தான் விற்பார்கள். பழைய வண்டியிலிருந்து கழற்றி நானே மாட்டினேன். கால் வழுக்காமலிருக்க அதில் பக்கத்துக்குப் பத்து சின்ன ஆணிகள் நீட்டிக்கொண்டிருக்கும். ஷூவும் பழையதுதான், அடிப்பாகம் அப்பளமாகத் தேய்ந்தது. முதுகு இப்போது வலிக்கிறதா? இல்லை. இன்னும் கிளம்பவே இல்லை, அதற்குள் என்ன கேள்வி.

கிளம்பினேன். முதல் நூறு அடி ஜீப் போகிற மண் ரோடு, அப்புறம் இடது பக்கம் ஒற்றையடிப் பாதையாக இறங்கும். இறங்கும் இடத்தில் யானைக்கால் அளவுக்கு மூன்று கற்கள், அதில் நடுக்கல் ஆடும், எனக்குத் தெரியும், இந்தப் பாதையில் ஒவ்வொரு கல்லும் எனக்குத் தெரியும், கண்ணால் அல்ல, இடுப்பால். அந்த மூன்று கல் எப்போதும் டக், டடக், டக் என்று சொல்லும். இன்றைக்குச் சொல்லவில்லை. வந்தது தெரிந்தது, கடந்தது தெரிந்தது, நடுவில் ஒன்றுமே இல்லை. பின் சக்கரம் தன் பாட்டுக்கு ஏறி இறங்கியது, நான் அதன் மேல் கல்யாண வீட்டில் சாய்வு நாற்காலி போட்டு உட்கார்த்திவைத்த பெரிய மனுஷனைப் போல இருந்தேன். எழுந்து நின்றேன், இறக்கத்தில் பெடல் மேல் நின்றுதான் ஓட்ட வேண்டும், எனக்கு எப்போதும் இடது கால் முன்னால், வலது கால் பின்னால். பலாமர வேர்கள் வந்தன. ஏழு வேர், குறுக்கே. பழைய வண்டியில் அந்த ஏழு வேருக்கும் ஏழு தடவை இடது பெடலின் ஆணிகள் ஷூவைத் தாண்டி உள்ளங்காலில் குத்தும், வீட்டுக்குப் போய் சாக்ஸைக் கழற்றினால் சிவப்புப் புள்ளிகள் இருக்கும், வளர்மதி அதற்கு அம்மை என்று பெயர் வைத்திருந்தாள். இன்றைக்கு ஒரு குத்துகூட இல்லை. அதே பெடல், அதே ஷூ, அதே வேர். மாறியது வண்டி மட்டும்தான். சபாஷ் என்று வாய்விட்டே சொன்னேன். பின் ஷாக்கின் பதினைந்து சென்டிமீட்டர் அசைவில் ஏழு வேரும் காணாமல் போய்விட்டன, ஆணிகூடத் தெரியவில்லை. இதைத் திங்கட்கிழமை மூன்றாம் செமஸ்டர் வகுப்பில் சொல்ல வேண்டும், அதிர்வைத் தடுப்பது என்றால் என்ன என்று, படம் போடாமல், இதையே. நன்றாகத்தான் இருக்கிறது. நன்றாக என்றால், எல்லாம் கொஞ்சம் தூரத்தில் நடக்கிற மாதிரி இருக்கிறது, கம்பளிக்கு வெளியே யாரோ கதவைத் தட்டுகிற மாதிரி. பழக வேண்டும் போல. முதுகு? இல்லை. நிஜமாகவே இல்லை. இடுப்புக்கு மேலே தையல் போட்ட இடத்தில் ஒரு இறுக்கம், அது எப்போதும் இருப்பது, அதை வலி என்று சொல்ல முடியாது, சொல்லலாமா? நாற்காலியில் உட்கார்ந்தாலும் இருக்கும். நாற்காலியில் இருப்பதை வண்டியின் கணக்கில் எழுதக் கூடாது. கீழே பார்க்காதே, முன்னால் பார். பார்த்தேன். ஒரு வளைவு, இன்னொரு வளைவு, இடது கால் பெடலில் கொஞ்சம் வழுக்கியது, ஈரம், திரும்ப வைத்தேன்.

வலியைத் தேடிக்கொண்டே வண்டி ஓட்டுவது விசித்திரமான வேலை. சாவியைத் தொலைத்தவன் ஒரே பையைப் பத்துத் தடவை துழாவுகிற மாதிரி, முதுகுத்தண்டில் மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே, இங்கே இருக்கிறதா, இங்கே. ஆஸ்பத்திரியில் மாத்திரை போட்டுக்கொண்டு படுத்திருந்த நாட்களில் வலியைத் தேட வேண்டியதில்லை, அதுவே வந்து பக்கத்தில் படுத்துக்கொள்ளும், பிட்டத்தில் ஆரம்பித்துத் தொடையின் பின்பக்கமாக இறங்கி இடது காலின் சுண்டுவிரல் வரை ஒரே கம்பியாக இழுக்கும். அப்போதெல்லாம் இந்தப் பாதையைத்தான் நினைத்துக்கொள்வேன். கண்ணை மூடிக்கொண்டு மூன்று கல், ஏழு வேர், வாய்க்கால், சில்வர் ஓக் வரிசை, கடைசி இறக்கம், அதற்குள் நர்ஸ் வந்துவிடுவார். இதை வளர்மதியிடம் சொன்னதில்லை, சொன்னால், 'நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன், உங்களுக்குப் பாதைதான் ஞாபகம் வந்ததா' என்பாள். ஆனால் உண்மை அதுதான். வகுப்பில், வீட்டில், ஸ்டாஃப் ரூமில், எங்கேயும் என் வாய் மூடியிருந்தாலும் மண்டைக்குள் ஒருவன் பேசிக்கொண்டே இருப்பான், இந்தப் பாதையில் மட்டும் அவன் வாயை மூடுவான். இன்றைக்கு மூடவில்லை. முதல் நாள், அப்படித்தான் இருக்கும். டிஸ்சார்ஜ் அன்று டாக்டர் இன்பராஜ் கையெழுத்துப் போட்டுக்கொண்டே ஒன்று சொன்னார், வளர்மதி அப்போது மருந்து வாங்கக் கீழே போயிருந்தாள். "வலி வந்தா ரொம்பப் பயப்படாதீங்க சார், வலி நரம்பு உயிரோட இருக்குன்னு சொல்லுது. கால் மரத்துப்போச்சுன்னா, பாதம் தூக்க வரலைன்னா, அன்னைக்கே வாங்க. நாளைக்கு வர்றேன்னு வீட்ல உக்காந்துடாதீங்க. நரம்பு போயிடுச்சுன்னா என்னால திருப்பிக் கொண்டுவர முடியாது, காலை இழுத்துக்கிட்டுதான் நடக்கணும்." சரி டாக்டர் என்றேன். வளர்மதி பையோடு வந்தாள், என்ன சொன்னார் என்றாள், நடக்கச் சொன்னார் என்றேன். அதையும்தான் சொன்னார்.

வாய்க்கால் பாலத்துக்கு முன்னால் காப்பி பறிக்கப் போகிற பெண்கள் மூன்று பேர் பாதையை அடைத்துக்கொண்டு நடந்துபோனார்கள், இடுப்பில் சாக்கு கட்டி, தலையில் துண்டு. பிரேக் பிடித்தேன், ஒரு விரல், வண்டி அங்கேயே நின்றது. முன்னால் போனவர் திரும்பிப் பார்த்து மார்பில் கைவைத்துக்கொண்டார். "என்ன சார் இது, சத்தமே இல்லாம வந்து நிக்கிறீங்க. முன்னெல்லாம் நீங்க மேல வர்றப்பவே கடகடன்னு கேக்கும், ஒதுங்கிக்குவோம்." புது வண்டி என்றேன். "அதான பாத்தேன். வருஷமாச்சே உங்களக் கண்டு." முதுகில் ஆபரேஷன் என்றேன். அவர் என்னையும் வண்டியையும் மாறி மாறிப் பார்த்தார். "முதுகுல ஆபரேசன் பண்ணிட்டு, இதுலயா வர்றீங்க?" என்றார். பின்னால் நின்றவர் சிரித்தார். "வீட்டுல ஒண்ணும் சொல்லலையா?" கீழே காத்துக்கொண்டிருக்கிறாள் என்றேன். "அப்ப மெதுவாப் போங்க, அவங்களுக்காவது", என்று ஒதுங்கி வழிவிட்டார்கள். பாலத்தைத் தாண்டி ஒரு சின்ன ஏற்றம், நின்ற இடத்திலிருந்து கிளம்ப வேண்டியிருந்ததால் வலது காலை முன்னால் வைத்து ஓங்கி மிதித்தேன்.

குத்தியது. வலது உள்ளங்காலில், பெருவிரலுக்குக் கீழே, ஆணி, நன்றாகவே குத்தியது. பழைய நண்பனைப் பார்த்த மாதிரி ஒரு கணம் சந்தோஷமாகக்கூட இருந்தது. இரண்டு மிதி, மூன்று மிதி, ஏற்றத்தின் கல்லில் ஒரு தூக்கு, மறுபடியும் குத்து. வலதில். இடது மிதிக்கும்போது ஒன்றுமில்லை. வலது, குத்து. இடது, ஒன்றுமில்லை. மண்டைக்குள் பேசுகிறவன் பேச்சை நிறுத்தினான். ஏற்றத்தின் உச்சியில் வண்டியை நிறுத்திவிட்டேன். சஸ்பென்ஷனுக்கு இடது வலது கிடையாது. பின் ஷாக் ஒன்று, சக்கரம் ஒன்று, அது ஏழு வேரை விழுங்கினால் இரண்டு காலுக்கும் சேர்த்துத்தான் விழுங்கும், ஒரு காலுக்கு மட்டும் விழுங்காது. இதை முதல் வருஷப் பையன்கூடச் சொல்வான். சரி, அவசரப்படாதே, பழுது கண்டுபிடிப்பதற்கு ஒரு முறை இருக்கிறது, ஒவ்வொன்றாக விலக்க வேண்டும், நீயேதான் வருஷாவருஷம் சொல்லிக்கொடுக்கிறாய். முதலில் பெடல். இடது பெடலில் ஆணிகள் தேய்ந்திருக்கலாம், கழன்றிருக்கலாம், வீட்டில் மாட்டும்போது பார்த்தேனா? வண்டியை மரத்தில் சாய்த்துக் குனிந்து, குனியக் கூடாது, மண்டியிட்டு, கட்டை விரலால் தடவினேன். பத்தும் இருந்தன. விரலில் குத்தியது. வலது பெடலையும் தடவினேன், அதே மாதிரிதான் குத்தியது. அடுத்து ஷூ. இரண்டையும் திருப்பிப் பார்த்தேன், இடது ஷூதான் அதிகமாகத் தேய்ந்திருந்தது, அதில்தான் இன்னும் நன்றாகக் குத்த வேண்டும். பெடலை விலக்கியாயிற்று, ஷூவை விலக்கியாயிற்று, வண்டியை விலக்கியாயிற்று. மிச்சம் இருப்பது ஒன்றுதான். பயமாக இருந்தது.

பாதை ஓரத்தில் ஒரு பாறை, அதில் உட்கார்ந்தேன். ஷூவைக் கழற்றிக் கிள்ளிப் பார்த்திருக்கலாம். கழற்றவில்லை. கழற்றாத வரைக்கும் அது ஷூவுக்குள் இருக்கிற ஒரு சந்தேகம், கழற்றினால் கால். இரண்டு வாரத்துக்கு முன்னால் வாசல் கேட்டுக்குப் பேப்பர் எடுக்கப் போய்த் திரும்பியபோது வளர்மதி விழுந்து விழுந்து சிரித்தாள், ஒரு காலில்தான் செருப்பு இருந்தது, இடது செருப்பு நடுவாசலில் கிடந்தது, கழன்றதே எனக்குத் தெரியவில்லை. செருப்பு வார் தொளதொளத்துவிட்டது என்று சொல்லி அன்றைக்கே புதுச் செருப்பு வாங்கினேன். புதுச் செருப்பும் மாடிப்படியில் ஒருமுறை கழன்றது. ரப்பர் வழவழவென்று இருக்கிறது என்றேன். காரில் கிளட்சை மிதிக்கும்போது கால் சறுக்கியது, தரை விரிப்பை மாற்றினேன். என் குணம் அது, எதுவானாலும் முதலில் பொருளைத்தான் சந்தேகப்படுவேன், பொருளை மாற்றிவிட்டால் தீர்ந்தது. முதுகு போனதற்கும் ஒரு வண்டி வாங்கியிருக்கிறேன். கொஞ்சம் முன்னால் ஏழு வேரைத் தாண்டி சபாஷ் என்று சொன்னேனே, யாருக்குச் சொன்னேன் அதை? சொன்ன வாயை என்ன செய்வது. பாதத்தைத் தூக்கிப் பார்த்தேன். வலது பாதம் எழுந்தது. இடது பாதம் எழுந்த மாதிரிதான் இருந்தது, ஷூவுக்குள் என்ன தெரியும். இப்போது யோசி, நிதானமாக யோசி. அவள் கேட்கப்போவது வலிக்கிறதா என்று. வலிக்கவில்லை. ஆமாவா இல்லையா என்றாள், இல்லை. கதை சொல்லக் கூடாது என்றாள், சொல்ல மாட்டேன். ஒரு வார்த்தை பொய் இல்லாமல் இந்த வண்டி எனக்கே இருந்துவிடும், அடுத்த சனிக்கிழமைக்கு அடுத்த சனிக்கிழமை திரும்ப இங்கே வரலாம். சொன்னால் இன்றைக்கே ஆஸ்பத்திரி, மறுபடி அறுப்பார்கள், மறுபடி சாக்ஸ், மறுபடி குளியலறை, அதற்கப்புறம் வண்டி என்கிற பேச்சே வீட்டில் எடுக்க முடியாது. சொல்லாவிட்டால் கால். காலை இழுத்துக்கொண்டு கரும்பலகைக்கும் மேசைக்கும் நடப்பது. திங்கட்கிழமை போய்க் காட்டினால் என்ன, இரண்டு நாளில் என்ன ஆகிவிடும்? நாளைக்கு வருகிறேன் என்று உட்கார்ந்துவிடாதீர்கள் என்றார் டாக்டர். அவர் எல்லோரிடமும் அப்படித்தான் சொல்வார், டாக்டர்கள் அப்படித்தான். இரண்டு வாரம் ஏற்கெனவே ஆகிவிட்டதே, அதை எந்தக் கணக்கில் வைப்பது? எழுந்தேன். வண்டி மேல் ஏறினேன். அது என்னை முன்பு போலவே வாங்கிக்கொண்டு இறங்கியது, அதற்கு என்ன தெரியும்.

சில்வர் ஓக் வரிசையையும் கடைசி இறக்கத்தையும் நன்றாகத்தான் ஓட்டினேன். வலது காலை முன்னால் வைத்து ஓட்டினேன், வாழ்க்கையில் முதல்முறையாக, அதனால் ஒவ்வொரு வளைவும் கண்ணாடியில் பார்க்கிற மாதிரி திரும்பியது. இடது கால் பெடலில்தான் இருக்கிறதா என்று அடிக்கடி குனிந்து பார்க்க வேண்டியிருந்தது. இருந்தது. வண்டி அருமையான வண்டி, அதில் மாற்றுக் கருத்தே இல்லை, கடைசி இறக்கத்தில் பெரிய பாறையிலிருந்து குதித்தபோது தரையைத் தொட்டதே தெரியவில்லை, தெரியவில்லை என்பதை இனி நான் எப்படி நம்புவது என்று அந்த நேரத்திலும் ஒரு யோசனை ஓடியது. தார் ரோடு வந்தது. பஸ் ஸ்டாப் நிழலில் காரை நிறுத்தி, அதன் மேல் சாய்ந்து நின்றாள், கையில் பிளாஸ்க். முப்பத்தெட்டு நிமிஷம் ஆகியிருந்தது. ஏன் லேட் என்று கேட்கவில்லை.

"வலிக்குதா?"

"இல்ல."

"நெஜமா?"

"நெஜமாத்தான். துளிகூட இல்ல."

என் முகத்தையே பார்த்தாள். இருபது வருஷமாக நான் பொய் சொல்கிறேனா என்று பார்க்கிற அதே பார்வை, கிடைக்கவில்லை, கிடைக்கப் பொய் இல்லை. அவள் தோள் இரண்டும் கீழே இறங்கின. "அப்பாடா", என்று கார் கதவைத் திறந்து பக்கவாட்டில் உட்கார்ந்துவிட்டாள். "வர்ற வழியெல்லாம் என்ன நெனச்சேன் தெரியுமா? நீங்க வலிக்கலன்னு பொய் சொல்லுவீங்க, நான் கண்டுபிடிப்பேன், இங்கயே நடுரோட்ல சண்டை வரும்னு. மனசுக்குள்ள பேசியே பாத்துட்டேன்." டீ ஊற்றிக் கொடுத்தாள். "சரி, சொல்லுங்க, இப்பக் கதை சொல்லலாம். எப்படி இருக்கு வண்டி?" கொஞ்சம் கீழே இறங்கி வாங்கிக்கொள்கிறது என்றேன். சத்தமே இல்லை, காப்பிக்காட்டுப் பெண்கள் பயந்துவிட்டார்கள் என்றேன். சிரித்தாள். இனிமேல் வரும்போது தானும் ஒரு புத்தகம் எடுத்துக்கொண்டு வருவதாகச் சொன்னாள், இந்த நிழல் நன்றாக இருக்கிறதாம், படிக்க வசதியாம். ஒன்பது மாதத்தில் அவள் தனக்கென்று ஒரு திட்டம் போட்டு நான் கேட்டது அதுதான் முதல் தடவை. டீ சூடாக இருந்தது. ஒப்பந்தம் முடிந்துவிட்டது, நான் ஜெயித்துவிட்டேன், வண்டியைக் காரின் பின்னால் மாட்ட வேண்டியதுதான் பாக்கி. பஸ் ஸ்டாப் சிமெண்ட் பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். இடது ஷூவைக் கழற்றினேன், சாக்ஸைக் கழற்றினேன்.

"மதி, இங்க வாயேன்."

"என்ன?"

"என் காலை மிதி. இடது கால். சுண்டுவிரல் பக்கமா."

"எதுக்கு? ஆடி வந்ததுல மூளை கலங்கிடுச்சா?"

"செருப்போடவே மிதி. நல்லா அழுத்தி."

என்ன விளையாட்டு இது என்று முனகிக்கொண்டே வந்தாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன், பார்த்தால் தெரிகிற மாதிரி இருக்கும், அது சரியான சோதனை இல்லை. எதிரே ரோட்டில் சேலம் பஸ் வந்து நின்றது, கூடையோடு ஒரு அம்மாள் இறங்கினார், கண்டக்டர் விசில் கொடுத்தார், பஸ் கிளம்பி வளைவில் மறைந்தது. காத்திருந்தேன்.

"மிதின்னு சொன்னேனே, மதி."

அவள் குரலில் சிரிப்பு இல்லை.

"மிதிச்சுக்கிட்டுதாங்க நிக்கிறேன்."